ஏழாம் வண்டி நகரவில்லை

திரையில் ஏழாம் வண்டியின் பச்சைப் புள்ளி சிவப்பாக மாறியபோது நாற்காலி என்று கூப்பிடப்படும் போலீஸ்காரர் டீயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். டம்ளர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் வண்டிகள் சிவப்பாவது ஒன்றும் அதிசயமில்லை. வயிறு சரியில்லாத டிரைவர் எங்கேயாவது ஒதுங்கினாலும் சிவப்பாகும், ரயில்வே கேட்டில் மாட்டினாலும் சிவப்பாகும். எந்த ரோந்து வண்டியும் கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. நின்றால் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவேண்டும். முட்டி தேய்ந்துபோன பிறகு அவருக்குக் கிடைத்திருக்கும் உத்தியோகம் அதுதான். ஆனால் ஏழாம் வண்டியில் இருப்பது அவருடைய மகள். வண்டி நிற்பது தகரக்கடைச் சந்தில். அந்தச் சந்தில்தான் இந்த வாரம் ஒரு பெயின்டரைக் குத்திக் கொன்றிருந்தார்கள். இதெல்லாம் போதாதென்று, இன்றைக்குப் பார்த்து மேயர் இந்த அறையைப் பார்வையிட வருகிறார். கீழே கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

நாற்காலி என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. போலீஸ்காரர்கள் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கட்டின பெண்டாட்டிக்கே அவன் சொந்தப் பெயர் மறந்துபோகும். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. ஒரு வீட்டில் கொலை விழுந்தால், பிணத்தை எடுத்த மறுநாளிலிருந்து இவர் அந்த வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். விசாரணை கிசாரணை ஒன்றும் கிடையாது, சும்மா உட்காருவார். காலையில் போனால் பொழுது சாயும்வரை, இரண்டு வாரம், சில வீட்டில் ஒரு மாதம். இந்த ஊரில் கொலை எப்போதும் ஒற்றையாக வராது. செத்தவனுக்கு ஒரு தம்பி இருப்பான், இல்லையென்றால் மச்சான் இருப்பான், அவன் கிளம்புவான். கிளம்புகிறவன் எதிரில் தினமும் ஒரு காக்கிச்சட்டை உட்கார்ந்து "வெயில் ஜாஸ்தியா இருக்கே" என்று பேசிக்கொண்டிருந்தால் எப்படிக் கிளம்புவது? நாள் போகப்போக ஆத்திரம் அழுகையாக மாறும். அழ ஆரம்பித்தால் பாதிக் கண்டம் தாண்டிய மாதிரி.

அவர் வெறுங்கையோடு போகமாட்டார். கெட்டுப்போன சாமான் ஏதாவது கையில் இருக்கும். மேஜை விசிறி, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி. "தம்பி, இது ஓடமாட்டேங்குது, கொஞ்சம் என்னன்னு பாக்குறியா?" என்று அந்தத் தம்பிக்காரன் மடியில் வைத்துவிடுவார். கை சும்மா இருந்தால்தான் மனசு அதற்கு வேலை தேடும் என்பது அவர் கட்சி. ஊரில் கொலை அதிகமான ஒரு வருஷம் வீட்டில் கெட்டுப்போன சாமான் தீர்ந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தை இவரே கழற்றி உள்ளே ஒரு சக்கரத்தை நெம்பிவிட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுல ஒரு சாமான் ஒழுங்கா ஓடினா உங்களுக்குப் பொறுக்காதே" என்றாள்.

அப்புறம் புது மேயர் வந்தார். குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஊரே பயந்துகிடந்த நேரம். பொழுது சாய்ந்தால் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. கொலையைக் குறைக்கிறேன் என்று சொல்லித்தான் அவர் ஓட்டு வாங்கினார், வந்ததும் சொன்னதைச் செய்தார். ஊரில் எங்கே கொலை நடக்கிறது என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், கொஞ்சம் தெருக்களிலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது. குழாய் எங்கே ஒழுகுகிறதோ அங்கே போய் அடைக்கவேண்டும் என்றார். வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள், தெருமுனைச் சாவடிகளில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் எழுப்பி ஜீப்பில் ஏற்றி அந்தத் தெருக்களையே சுற்றிச்சுற்றி வரச் சொன்னார். யாராவது குத்துப்பட்டால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கும் ரோந்து வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டும் என்றார். பொய் சொல்லக்கூடாது, கொலை குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று பேப்பரில் வந்தது. நாற்காலி அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தார். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

மகள் அந்த ஜீப்புகளின் கட்சி. சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் இதே பேச்சுதான். "நீங்க ஒரு வீட்டுல ஒரு மாசம் உட்கார்ந்தா ஒரு கொலை நிக்கும்பா. அதுவும் நின்னுச்சா இல்லையான்னு சத்தியம் பண்ண முடியாது. நாங்க சுத்தினா பத்து நிக்கும்" என்பாள். "நின்னா சரி" என்று அவர் சாதத்தைப் பிசைவார். அப்படிச் சொன்னவளின் வண்டிதான் இப்போது நகராமல் நிற்கிறது.

அவர் மைக்கை எடுத்தார். "ஏழு, கன்ட்ரோல். ஏன் நிக்கிறீங்க?"

"கன்ட்ரோல், ஏழு. வண்டி ஸ்டார்ட் ஆகல."

"ரிப்பேரா?"

"ரிப்பேர்."

அவருக்குப் புரிந்துவிட்டது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத பெண் அவள். பொய் சொல்லும்போது மட்டும் ஒரு வார்த்தைக்கு மேல் வராது. பள்ளிக்கூடத்தில் பரிட்சைத்தாளை ஒளித்துவைத்த நாளிலிருந்து அப்படித்தான். ஏழுக்கு நேராக ரிப்பேர் என்று தட்டிவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"என்னம்மா ஆச்சு வண்டிக்கு?"

"ஒண்ணும் ஆகலப்பா. நான்தான் ஒரு ஒயரைப் புடுங்கிவிட்டேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சுத்திக்கிட்டு வந்தேன். பெயின்டரோட தம்பிக்காரன் வாசல்ல நிக்கிறான். குளிச்சு, தலை சீவி, ஷூ போட்டுக்கிட்டு நிக்கிறான். அண்ணன் செத்ததுலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாதவன் எதுக்குப்பா ஷூ போடுறான்?"

கிளம்பப் போகிறவன் அழுக்காக இருக்கமாட்டான், அவர் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார். பெயின்டரைக் குத்தியவன் லாக்கப்பில் இருக்கிறான். ஆனால் அவனுடைய அண்ணன் மெயின் ரோட்டில் டயர்க்கடை வைத்திருக்கிறான், இன்றைக்கும் கடை திறந்திருக்கிறது. ஷூ போட்டவன் நடந்தே போய்விடலாம்.

"அவங்கம்மா ஓடி வந்து என் வண்டிக் கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டாங்க. 'போயிடாதேம்மா'ன்னு ஒரே வார்த்தை. கூட வர வேண்டிய ஆளும் காய்ச்சல்னு லீவு, எறக்கிவிட்டுட்டுப் போகவும் யாருமில்ல. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றதுக்குள்ள இவன் இங்க இருக்கமாட்டான்பா. அதான்."

"அப்போ நீயும் உட்கார்ந்துட்டே."

"உட்காரல, நிக்கிறேன்" என்றாள் வெடுக்கென்று. அப்புறம் லேசாகச் சிரித்தாள். "இவன் மெக்கானிக்கு. பானெட்டைத் தெறந்து காட்டிட்டேன். பாத்துக்கிட்டிருக்கான்."

அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. மறைப்பதற்கில்லை. இத்தனை வருஷம் வாயால் சொல்லிப் புரியாதது ஒரு தாய் கண்ணாடியைப் பிடித்ததும் புரிந்துவிட்டதே என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியவில்லை.

"ஒத்தை ஒயர்தானே? மெக்கானிக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? பிளக்கைப் பாருன்னு சொல்லு, ஏர் ஃபில்டரைப் பாருன்னு சொல்லு. ஒண்ணொண்ணா கழட்ட விடு. சாயங்காலம் வரைக்கும் இழுத்துட்டா, அவனே பசிக்குதும்பான். பசின்னு சொல்லிட்டா ஆள் நம்ம பக்கம் வந்துட்டான்னு அர்த்தம்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

திரும்பினால் மேயர் அறைக்குள் நிற்கிறார். கூட இன்ஸ்பெக்டர். மேயர் ஒல்லியான ஆள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். உள்ளே வந்ததும் திரையைப் பார்க்கவில்லை, கூரை மூலையில் இருந்த ஈரத்தைத்தான் முதலில் பார்த்தார். பழைய வேலை புத்தியை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. பிறகு திரைக்கு முன்னால் வந்து, ஊர்ந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார். தான் கட்டின வீட்டைப் பார்க்கிற முகம் அது. அதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் நாற்காலிக்குத் தோன்றியது.

"அந்தச் செவப்பு?"

"ரிப்பேர் சார்" என்றார் நாற்காலி.

மேயர் தலையாட்டினார். அப்புறம் அவரையே உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அந்த நாற்காலி?"

இன்ஸ்பெக்டர் இருமினார். "ஆமா சார்" என்றார் இவர்.

"உங்களை அந்த வேலையிலேருந்து எடுத்தப்போ எனக்கு எத்தனை மனு வந்துது தெரியுமா? உட்கார்றதை நிறுத்தாதீங்கன்னு. எல்லாம் அம்மாக்கள் எழுதினது. அத்தனையும் படிச்சேன்."

"படிச்சுட்டும் நிறுத்திட்டீங்களே சார்." வாய் முந்திக்கொண்டது. இன்ஸ்பெக்டருக்கு இரண்டாம் தடவை இருமல் வந்தது. ஆனால் மேயர் கோபப்படவில்லை, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க உட்கார்ந்து எத்தனை கொலையைத் தடுத்தீங்கன்னு கேட்டேன். டிபார்ட்மென்ட்ல ஒருத்தராலயும் சொல்ல முடியல."

"நடக்காததை எப்படி சார் எண்ணுறது?"

"என் தொல்லையும் அதேதான். நடக்காததைக் காட்டி நான் யார்கிட்ட காசு கேக்குறது? வண்டின்னா, இத்தனை நிமிஷத்துல போய்ச் சேர்ந்துச்சு, இத்தனை பேரை உசுரோட கொண்டு வந்துச்சுன்னு காட்டலாம். குத்துப்பட்டவனுக்கு நிமிஷம்தாங்க உசுரு. முன்னாடியெல்லாம் ஆம்புலன்ஸ் வரும் வரும்னு ரோட்டுலயே கெடந்து போனவங்க எத்தனை பேர்." அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்து, "உங்க வேலை தப்புன்னு நான் சொல்லல. இருக்குற ஆள் கொஞ்சம். ஒரு வீட்டுல உட்கார வெச்சா இன்னொரு தெருவுல ஆள் இல்லை. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

நாற்காலி பதில் தேடினார். உண்மையிலேயே தேடினார். இத்தனை நாளாக மேயர் கையில் கிடைத்தால் என்னென்ன கேட்கலாம் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். இப்போது ஆள் எதிரில் உட்கார்ந்து இவரையே திருப்பிக் கேட்கிறபோது ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. காய்கறி மார்க்கெட். லாரியில் மூட்டை இறக்குகிற இடத்தில் இரண்டு பேருக்குள் தகராறு, ஒருவனுக்குத் தொடையில் கத்திக்குத்து. கூப்பிட்டவன் மூச்சு வாங்கினான். "ரத்தம் நிக்கமாட்டேங்குது சார், துணியை வெச்சு அமுக்குறோம், ஊறி ஊறி வருது, யாரையாவது அனுப்புங்க."

மேயர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். விரல் தானாகத் திரைக்குப் போனது. "ஏழு. ஏழு பக்கத்துலதானே இருக்கு? ரெண்டு தெரு."

"ரிப்பேர் சார்" என்றார் நாற்காலி. சற்று முன்னால் சொன்ன அதே வார்த்தை. ஒன்பதாம் வண்டியைக் கூப்பிட்டார், அது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கேட் மூடிக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், அது பாலத்துக்கு அப்பால். பிறகு யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று மகளைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"கெளம்பும்மா. மார்க்கெட்டுல தொடையில குத்து."

"பிளக்கெல்லாம் பேப்பர்ல பரப்பிக் கெடக்குப்பா" என்றாள். அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

பக்கத்தில் ஓர் ஆண் குரல், "யாருக்குக்கா என்ன?" என்றது. அவள் சொன்னாள். மார்க்கெட்டில் ஒருத்தரைக் குத்திவிட்டார்கள், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்தில் வேறு வண்டி இல்லை. அப்புறம் இருந்த அமைதி எவ்வளவு நேரம் என்று நாற்காலியைக் கேட்டால் ஒரு ஜென்மம் என்பார். பிறகு, "தள்ளுங்கக்கா" என்ற குரலும், இரும்பில் ஸ்பேனர் மோதும் சத்தமும் கேட்டன. கழற்றும்போது ஊர்ந்த கை மாட்டும்போது பறந்தது என்று மகள் பிற்பாடு சொன்னாள். ஆனாலும் பிளக்கு பிளக்குத்தானே, ஒவ்வொன்றாகத்தான் திருகவேண்டியிருக்கிறது.

அறையில் யாரும் உட்காரவில்லை. ஒருவழியாக இன்ஜின் இரண்டு தடவை இருமிப் பிடித்துக்கொண்டது. "நானும் வர்றேன்கா, நடுவுல நின்னுட்டா யாரு பாப்பா?" என்று அந்தக் குரல் சொல்வதும், கதவு சாத்தப்படுவதும் கேட்டன. திரையில் சிவப்பு பச்சையாக மாறி நகர ஆரம்பித்தது. மேயர் நெஞ்சிலிருந்த மூச்சை விட்டார்.

"இந்தப் பழைய ஜீப்பையெல்லாம் தூக்கிப் போடணும்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "அவசரத்துக்கு ஓடலைன்னா எதுக்கு வண்டி? வர்ற பட்ஜெட்ல முதல் செலவு இதுதான். குறிச்சுக்குங்க."

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். நாற்காலி வாயைத் திறக்கப்பார்த்து மூடிக்கொண்டார். ஜீப் மேல் குற்றமில்லை சார், அது ஒரு வீட்டு வாசலில் ஒருவனைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். சொன்னால் மகள் வேலை போகும். சொல்லாவிட்டால் ஊருக்குப் புது வண்டி வரும். மகள் பிடுங்கின ஒரு ஒயருக்காக ஒரு நகரமே வண்டி மாற்றப்போகிறது. வேறொரு நாளாக இருந்தால் இதை நினைத்து நினைத்துச் சிரித்திருப்பார்.

அரை மணியில் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். முட்டி வலியில் படிக்கட்டுக்குப் படிக்கட்டு நின்று நின்று ஏறினார். அவசரப் பிரிவுக்கு வெளியே நீளமான நடைக்கூடத்தில் மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். முழங்கைவரை ஈரமாக இருந்தது, தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கவேண்டும். அவரைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"போயிட்டாருப்பா. உள்ள கொண்டுபோன கொஞ்ச நேரத்துல."

அவர் அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். டாக்டர் ஒருவர் கையுறையைக் கழற்றியபடி அவர்களைத் தாண்டிப் போனார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் நாற்காலி கேட்கவில்லை. மகளும் கேட்கவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பிளக்கைக் கழட்டச் சொன்னது நான்தானேம்மா" என்றார்.

"அதுக்கு இல்லப்பா." அவள் குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் அங்க நிக்கலேன்னா டயர்க்கடைக்காரன் இந்நேரம் இங்க கெடப்பான். நின்னதுனால இவர் கெடக்குறாரு. இவரை நாளைக்குக் கணக்குல சேப்பாங்க. டயர்க்கடைக்காரனை எந்தக் கணக்குல சேக்கறது? அவன் பாட்டுக்குக் கடையில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கான். ஒருவேளை இவன் போயிருக்கவே மாட்டானோ என்னவோ. சும்மா ஷூ போட்டானோ என்னவோ."

"சும்மா போடல" என்றார் அவர். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதையும் சத்தியமாகச் சொல்ல முடியாது.

நடையின் கோடியில் பெஞ்சில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். நாற்காலி அவனை இப்போதுதான் நேரில் பார்க்கிறார். சின்னப் பையன் மாதிரி முகம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், அதில் ஒரு கை முழுக்கச் சிவப்பு. ஜீப்பின் பின்சீட்டில் அந்த ஆளின் தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடியே வந்தானாம். "அந்த ஆளு மயங்குற வரைக்கும் ஒரே பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாருப்பா, யாரு குத்தினதுன்னு" என்றாள் மகள். "எனக்குச் சைரன் சத்தத்துல சரியாக் கேக்கல. இவனுக்குக் கேட்டிருக்கும். காது பக்கத்துல வாய் இருந்துச்சு. மார்க்கெட்டுல கேட்டா எவனும் பாக்கலைங்கறான். இவன்கிட்ட நான் இன்னும் கேக்கல."

அவள் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. ஏழு, எங்கே இருக்கீங்க, மார்க்கெட் பக்கம் கூட்டம் சேருது, சுத்தி வாங்க. அவள் அப்பாவைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள்.

"நீ போ. நான் பாத்துக்குறேன்" என்றார்.

"உங்களுக்கு டியூட்டி முடிஞ்சுதேப்பா."

"அதனாலதான் சொல்றேன், போ."

அவள் போன கொஞ்ச நேரத்தில் செத்தவரின் தம்பி வந்தான். மார்க்கெட்டிலிருந்து ஓடி வந்திருக்கவேண்டும், முட்டைக்கோஸ் இலைத் துணுக்கு ஒன்று தோளில் ஒட்டியிருந்தது. நர்ஸ் அவனைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள். திரும்பி வந்தவன் அழவில்லை, கத்தவில்லை. நடையோரக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். முகத்தைத் துடைத்து, கலைந்த முடியைக் கையால் கோதி, சட்டையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டான். நாற்காலி அதைப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்து நிமிர்ந்தார். பெஞ்சில் இருந்தவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மெதுவாக எழுந்து குழாயடிக்குப் போனான்.

"உங்கண்ணனை நான்தான் புடிச்சுக்கிட்டு வந்தேன்" என்றான்.

வந்தவன் அவனுடைய சட்டைக் கையைப் பார்த்தான். பார்வையை எடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. "எதாவது சொன்னானா?"

"தண்ணி கேட்டாரு."

"யாருன்னு சொன்னானா?"

நாற்காலி மூச்சைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தார். மதியம் இதே மாதிரி முகம் கழுவிக்கொண்டு கிளம்பினவன், இவன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

"இல்ல" என்றான் மெக்கானிக். "தண்ணி மட்டுந்தான் கேட்டாரு."

"பொய் சொல்றே."

வந்தவன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று திரும்பி வாசலை நோக்கி நடந்தான். மெக்கானிக் இரண்டே எட்டில் எட்டிப்போய் அவன் சட்டையின் பின்நுனியைப் பிடித்தான். அவன் நிற்கவில்லை, இவனும் விடவில்லை. இருவரும் அப்படியே படியிறங்கினார்கள். நாற்காலி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் இறங்கினார். எந்தத் தம்பியைக் கூப்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே மெயின் ரோடு. வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம், வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டி வந்துகொண்டேயிருந்தன, குறுக்கே போக இடைவெளி இல்லை. இருவரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். முன்னால் நிற்பவன் ஒரு காலை இறக்குவதும் எடுப்பதுமாக இருந்தான். பின்னால் நிற்பவனின் கை அவன் சட்டை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தது. தடுக்கிற பிடியா, கூடவே போகிற பிடியா என்று முதுகை மட்டும் பார்த்துச் சொல்ல நாற்காலியால் முடியவில்லை. முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டினார். சிக்னல் விளக்கு மாறி வண்டிகள் நின்றன, ரோடு காலியாயிற்று. அந்த இருவரும் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள்.